இரண்டு கோடு போட்ட நோட்டு

என் மகனுக்கு நாலரை வயது நடந்தபோது அவன் நெற்றியில் எப்போதும் ஒரு வீக்கம் இருக்கும். நடுவில் நீலம், ஓரத்தில் மஞ்சள். ஆறுவதற்குள் மறுபடி அதே இடத்தில் இடித்துக்கொள்வான். வீட்டு மொசைக் தரையில் அவனே உட்கார்ந்து, குனிந்து, நெற்றியை இடிப்பான். ஜூலையில் தொடங்கியது. செப்டம்பர் பாதி வரை ஏறக்குறைய தினமும் நடந்தது.

வீட்டில் அவனை எல்லோரும் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். மூத்தவள் கூப்பிட்டு எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

ஆளுக்கு ஒரு காரணம் சொன்னோம். அத்தை திருஷ்டி என்றார். செவ்வாயும் வெள்ளியும் உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். என் கணவர் பிடிவாதம் என்றார். பக்கத்து வீட்டு அக்கா, "ரொம்பச் செல்லம் கொடுத்துட்டீங்க" என்றார். ராத்திரியெல்லாம் செல்போனில் படித்துக்கொண்டிருந்த நான், "ஆட்டிசம் இருக்கிற பிள்ளைங்க இப்படித்தான் செய்யும்" என்ற முடிவுக்கு வந்திருந்தேன். இன்றைக்கு நினைத்துப் பார்த்தால், நான்கிலும் மோசமான பதில் என்னுடையதுதான். திருஷ்டி என்று சொன்னவர்கூட அதைக் கழிக்க ஏதோ ஒன்றைச் செய்தார். "இப்படித்தான்" என்று சொன்ன நான் தேடுவதையே நிறுத்திவிட்டேன்.

போன வாரம் பள்ளி வாசலில் ஓர் அம்மா, "ஏபிஏ, ஏபிஏங்கறாங்களே, அது என்னக்கா, நல்லதா கெட்டதா?" என்று கேட்டார். நின்றபடியே சொல்லி முடிக்கிற விஷயமாக அது இல்லை. அதனால் எழுதுகிறேன். நான் தெரபிஸ்ட் இல்லை. மதுரையில் ஒரு சாதாரண வீட்டில் மூன்று வருடமாக இதைச் செய்து பார்த்த அம்மா. என் பிள்ளைக்கு நடந்ததைச் சொல்லும்போது, அந்தத் துறையின் அடிப்படைகளும் கூடவே வந்துவிடும்.

ஏபிஏ என்றால் அப்ளைடு பிஹேவியர் அனாலிசிஸ். ஒரு நடத்தை எதனால் வருகிறது, எதனால் நீடிக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப சூழலையும் கற்றுக்கொடுக்கும் விதத்தையும் மாற்றுவது. இந்த விளக்கத்தில் பிள்ளையை மாற்றுவது என்ற வார்த்தையே வரவில்லை, கவனித்தீர்களா? ஆனால் நாங்கள் முதலில் போன மையத்தில் அதைத்தான் செய்தார்கள்.

அங்கே எங்களுக்கு நாலு மாதம் போனது. மேஜைக்கு இந்தப்பக்கம் தம்பி, அந்தப்பக்கம் டீச்சர். "என்னைப் பார்" என்பார்கள். பார்த்தால் ஒரு சாக்லேட் துண்டு. பார்க்காவிட்டால் தாடையைப் பிடித்துத் திருப்புவார்கள். தம்பிக்குச் சந்தோஷம் வந்தால் இரண்டு கையையும் தோள் பக்கத்தில் படபடவென்று ஆட்டுவான். அங்கே அதற்கு, "கையைக் கீழே வை." நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். சரி, தெரிந்தவர்கள் செய்கிறார்கள் என்று பேசாமல் இருந்தேன். அந்த நாலு மாதத்தில் அவன் கண்ணைப் பார்க்கவும் கையைக் கீழே வைக்கவும் கற்றுக்கொண்டான். கேட்கக் கற்றுக்கொள்ளவில்லை. பசி, வலி, பயம், வேண்டாம் என்று எதையும் அவனால் எங்களிடம் சொல்ல முடியவில்லை. தலை இடிப்பது அந்த நாட்களில்தான் தொடங்கியது.

இரண்டாவதாகக் கிடைத்த மிஸ்ஸுக்கு என்னைவிடப் பத்து வயதாவது குறைவு. முதல் நாள் தம்பியை மேஜையில் உட்கார வைக்கவே இல்லை. தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் என்ன செய்கிறானோ அதையே தானும் செய்துகொண்டிருந்தார். கிளம்பும்போது என்னிடம் இரண்டு விஷயம் சொன்னார். "அம்மா, முதல்ல காது, பல்லு, வயிறு மூணையும் டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க. வலியில இடிச்சுக்கிறான்னா நம்ம என்ன சொல்லிக் கொடுத்தும் பிரயோஜனம் இல்லை." இது முதல் விஷயம். காட்டினோம். மூன்றும் சரியாக இருந்தது. இரண்டாவது, ஒரு எண்பது பக்க நோட்டு வாங்கச் சொன்னார்.

அந்த நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்து மேலிருந்து கீழாக இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார். மூன்று கட்டம். முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தான், அதற்குப் பின்னால் என்ன நடந்தது. ஆங்கிலத்தில் ஆன்டிசிடென்ட், பிஹேவியர், கான்சிக்வென்ஸ். முதல் எழுத்துகளை வைத்து ஏபிசி என்பார்கள். ஏபிஏ-வில் மற்ற எல்லாமே இந்த மூன்று கட்டத்தின் மேல்தான் நிற்கிறது.

எனது முதல் பதிவு: "சாயங்காலம் ரொம்ப அடம் பிடித்தான். கோபத்தில் தலையை இடித்தான். சமாதானப்படுத்தினேன்."

மிஸ் பென்சிலால் மூன்று சொல்லை அடித்தார். அடம், கோபம், சமாதானம். "இது மூணும் உங்க மனசுக்குள்ள இருக்கறதும்மா. சுவத்துல ஒரு கேமரா இருந்தா அதுல என்ன தெரியுமோ அதை மட்டும் எழுதுங்க."

கேட்கச் சுலபமாக இருக்கிறது. செய்துபார்த்தால் கஷ்டம். நாள் முழுக்க நாம் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிற பேச்சில் முக்கால்வாசி இந்த மாதிரிச் சொற்கள்தான். பிடிவாதம், சோம்பேறித்தனம், வேணும்னே செய்கிறான், கவனிப்புக்கு ஏங்குகிறான். இவற்றில் ஒன்றும் கேமராவில் விழாது. இரண்டு நாள் பழகிய பிறகு என் பதிவு இப்படி ஆனது:

"6.40. நான் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். தம்பி வந்து ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்றான், இரண்டு நிமிடம் இருக்கும். நான் திரும்பவில்லை." இது முதல் கட்டம். "உட்கார்ந்தான். நெற்றியால் தரையில் மூன்று முறை." இது நடுக்கட்டம். "ஓடிப்போய்த் தூக்கினேன். அத்தை பிஸ்கட் கொடுத்தார். தட்டிவிட்டான். மறுபடி இரண்டு முறை இடித்தான். பால் கொடுத்தேன். குடித்தான். நின்றது." இது கடைசி.

பதினொரு நாளில் இருபத்தாறு பதிவு. அதில் பதினேழு அடுப்படியில், ஃபிரிட்ஜ் பக்கத்தில். அவன் ஃபிரிட்ஜின் ரீங்காரம் கேட்கத்தான் அங்கே போய் நிற்கிறான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். இந்தப் பிள்ளைகளுக்கு அந்த மாதிரிச் சத்தம் பிடிக்கும் என்று எங்கேயோ படித்திருந்தேன்.

மிஸ் சிவப்புப் பேனாவை எடுத்து, ஒவ்வொரு பதிவிலும் "நின்றது" என்ற சொல்லுக்கு முந்தின வார்த்தைகளில் மட்டும் கோடு போட்டுக்கொண்டே வந்தார். பால். பால். ரசம். இளநீர். மறுபடி பால். ஒரு இடத்தில், "குளிக்கக் கூட்டிப் போனேன், வாளித் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தான், அதட்டினேன்."

நோட்டை மூடாமல் என்னைப் பார்த்துக் கேட்டார். "தம்பி வீட்ல தண்ணி எப்படிக் குடிப்பான்?"

கோடை முழுக்க அடுப்படித் தரையில், ஃபிரிட்ஜ் பக்கத்தில், குழாய் வைத்த மண்பானை ஒன்று இருந்தது. தம்பி தானே போய் டம்ளரைப் பிடித்து, குழாயைத் திருகிக் குடித்துக்கொள்வான். ஜூன் கடைசியில் பானையில் விரிசல் விட்டது. "அடுத்த சித்திரைக்குப் புதுசு வாங்கிக்கலாம்" என்றார் அத்தை. தூக்கிப் போட்டோம். அதன்பிறகு வீட்டில் தண்ணீர் சுவரில் மாட்டிய ஃபில்டரில் மட்டும். அவன் கைக்கு எட்டாத உயரம். சாப்பிடும்போது கொடுக்கிறோமே, போதும் என்று இருந்துவிட்டோம். அவனுக்குப் பேச்சு இல்லை. தாகம் எடுக்கும். பானை இருந்த இடத்தில் போய் நிற்பான். ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டோம். தரையில் இடிப்பான். வீடே ஓடிவரும். ஓடிவந்தவர்கள் கொடுக்கிற பத்துப் பொருளில் ஏதோ ஒன்று ஈரமாக இருக்கும்.

தாகத்தில் நின்ற பிள்ளைக்கு நாங்கள் இரண்டரை மாதம் பிஸ்கட் கொடுத்திருக்கிறோம்.

அன்றைக்கு பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவனை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். என் கணவர் அன்றிரவே பானை வாங்கப் போனார். சீசன் இல்லாததால் மூன்று கடை ஏறி இறங்கி, குழாய் இல்லாத ஒரு பானைதான் கிடைத்தது. ஒரு சின்ன சொம்பைப் பக்கத்தில் வைத்தோம். மறுநாள் அடுப்படியில் ஒரு பதிவும் இல்லை.

பானை வைத்ததோடு விஷயம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். மிஸ் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் கட்டத்தில் இருப்பதை மாற்றுவது நல்ல வழிதான், பல நேரம் அதுவே போதும் என்றார். ஆனால் எல்லா வீட்டிலும் பானை இருக்காது. பள்ளியில், பஸ்ஸில், சித்தி வீட்டில் தாகம் எடுத்தால்? இடிப்பது அவனுக்கு வேலை செய்கிற ஒரு மொழி. அதைப் பிடுங்கிக்கொள்வதென்றால் அதே வேலையைச் செய்கிற இன்னொரு மொழியைக் கையில் கொடுக்க வேண்டும், அதுவும் இடிப்பதைவிடச் சுலபமாக, சீக்கிரமாகப் பலன் தருவதாக இருக்க வேண்டும். இதற்குப் பேர் ஃபங்ஷனல் கம்யூனிகேஷன் டிரெய்னிங். எட்வர்ட் கார், மார்க் டியூரண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1985-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவியது. கேட்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகளிடம் அடிப்பதும் இடிப்பதும் குறைந்ததை அவர்கள் காட்டினார்கள்.

எங்கள் வீட்டில் அந்த மொழி ஓர் எவர்சில்வர் டம்ளர். நான் தண்ணீர்ச் செம்போடு தம்பிக்கு எதிரில் உட்காருவேன். என் கணவர் அவனுக்குப் பின்னால். தம்பி தண்ணீரைப் பார்த்துக் கையை நீட்டியதும், அவர் பின்னாலிருந்து அவன் கையைப் பிடித்து, டம்ளரை எடுக்க வைத்து, என் உள்ளங்கையில் வைக்க வைப்பார். வைத்த அந்த நொடியே நான் ஊற்றிவிட வேண்டும். "தண்ணி" என்று ஒரு சொல் மட்டும். "கேளு", "சொல்லு", "வெரிகுட்" எதுவும் கிடையாது. பின்னாலிருந்து கொடுக்கிற அந்த உதவிக்கு ப்ராம்ப்ட் என்று பேர். அதைக் கொடுப்பதைவிட விலக்குவதில்தான் சாமர்த்தியம். முதல் மூன்று நாள் கை மேல் கை. அப்புறம் மணிக்கட்டு. அப்புறம் முழங்கையை விரலால் தொடுவது. அப்புறம் சும்மா பின்னால் உட்கார்ந்திருப்பது. சீக்கிரம் விலக்கினால் பிள்ளை தவறும். விலக்காமலே இருந்தால், பின்னால் ஆள் இருந்தால்தான் செய்வேன் என்று ஆகிவிடும்.

ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை காலை. குக்கரில் மூன்றாவது விசில் வரும் என்று நின்றுகொண்டிருக்கிறேன். அவர் குளித்துக்கொண்டிருக்கிறார். யாரோ என் கையை இழுத்தார்கள். குனிந்து பார்த்தால் தம்பி. என் விரலை ஒவ்வொன்றாக விரித்து, உள்ளங்கையில் டம்ளரை வைத்தான். வைத்துவிட்டு என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், முகத்தை இல்லை. அது போதும். ஊற்றினேன். குக்கர் நாலு விசில் போய்விட்டது.

தலை இடிப்பது அதோடு ஒரேயடியாக நின்றுவிடவில்லை. அடுத்த மாதம் பதினொரு நாள் எழுதிப் பார்த்தபோது ஆறு பதிவு இருந்தது. ஆறும் வேறு காரணம். முடி வெட்டும்போது ஒன்று. மணி கோர்க்க உட்கார வைத்து ரொம்ப நேரமானபோது மூன்று. மீதி இரண்டும் அக்காவின் பொம்மை ரயிலுக்காக.

ஒரு நடத்தைக்குப் பின்னால் பெரும்பாலும் நாலு காரணத்தில் ஒன்று இருக்கும் என்று இந்தத் துறையில் சொல்வார்கள். ஒரு பொருள் வேண்டும். ஒரு ஆளின் கவனம் வேண்டும். ஒரு வேலையிலிருந்தோ இடத்திலிருந்தோ தப்பிக்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் செயலே உடம்புக்கு இதமாக இருக்கிறது. பிரையன் ஐவாட்டா என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் 1982-இல் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளிடம் இந்தக் காரணங்களில் சிலவற்றைச் சோதித்தார்கள். ஒரே பிள்ளையைத் தனித்தனிச் சூழ்நிலைகளில் வைத்துப் பார்த்து, எதில் அந்தச் செயல் கூடுகிறது என்று அளந்தார்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கிற செயல் பிள்ளைக்குப் பிள்ளை வேறு காரணத்தால் வருகிறது என்பது அதில் தெரிந்தது.

இது ஏன் முக்கியம் என்று பள்ளியில் நடந்த ஒன்றைச் சொன்னால் புரியும். தம்பி போன ஒரு வகுப்பில், மேஜையைத் தட்டிச் சத்தம் போட்டால் அவனை வெளியே வராண்டாவில் உட்கார வைப்பார்கள். தண்டனை என்று நினைத்துத்தான். அவனுக்கோ அந்த வகுப்பின் இரைச்சல் தாங்காது. வராண்டாவில் வேப்பமரக் காற்று. வாரத்துக்கு இரண்டு தடவை தட்டினவன் ஒரு மாதத்தில் தினமும் மூன்று தடவை தட்டினான். மூன்றாவது கட்டத்தில் என்ன நடக்கிறதோ அது முதல் கட்டத்து ஆசையை நிறைவேற்றினால், நடுக்கட்டம் வளரத்தான் செய்யும். "போதும்" என்று ஒரு அட்டை செய்து கொடுத்தோம். அதைக் காட்டினால் ஐந்து நிமிடம் வராண்டா. தட்டுவது குறைந்தது. "கேட்டதும் விட்டா படிக்கவே மாட்டானே" என்று அந்த டீச்சர் கவலைப்பட்டார். முதல் வாரம் அட்டையை நிறையக் காட்டினான், உண்மைதான். கேட்டால் நிச்சயமாகக் கிடைக்கும் என்று நம்பிக்கை வந்ததும் உள்ளே உட்காரும் நேரம் கூடியது. வேண்டாம் என்று சொல்ல முடிகிற இடத்தில் இருப்பதற்குப் பிள்ளைகள் பயப்படுவதில்லை. நாமும் அப்படித்தானே?

ஒரு செயலுக்குப் பின்னால் வருகிற ஒன்று அந்தச் செயலைக் கூட்டினால், அதற்கு ரீஇன்ஃபோர்சர் என்று பேர். வலுவூட்டி என்று தமிழில் எழுதுகிறார்கள். இதைப் பரிசு என்று புரிந்துகொள்வதால்தான் எல்லா மையத்திலும் சாக்லேட் டப்பா வைத்திருக்கிறார்கள். பரிசை முடிவுசெய்வது கொடுப்பவர். வலுவூட்டியை முடிவுசெய்வது பிள்ளை. தம்பிக்குச் சாக்லேட் விரலில் ஒட்டுவதே பிடிக்காது. அவனுக்கு உயிரான விஷயம் வேறு. காலையில் அவன் அப்பா காபி ஆற்றுவார். டம்ளரை ஒரு கையில் தலைக்கு மேலே தூக்கி, டபராவைக் கீழே பிடித்து, காபி ஒரு கயிறு மாதிரி நீண்டு விழும்போது தம்பி அப்படியே நின்றுவிடுவான். அப்புறம் இரண்டு கையும் படபடவென்று அடித்துக்கொள்ளும். மிஸ்ஸிடம் சொன்னேன். மறுநாள் ஒரு டபரா செட் வாங்கி வைத்துவிட்டார். சட்டை மாட்டிக்கொள்ள, படம் காட்ட, அக்காவிடம் பந்தைக் கொடுக்க என்று அவன் கற்றுக்கொண்ட பாதி விஷயம் பச்சைத் தண்ணீரை ஆற்றி ஆற்றிக் கற்றதுதான்.

அந்தக் கை படபடப்பை மிஸ் ஒருநாளும் கீழே இறக்கச் சொல்லவில்லை. "அது அவன் சிரிப்பும்மா" என்றார்.

சில விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ட்ரவுசர் போடக் கற்றுக்கொடுத்தது கடைசியிலிருந்து தொடங்கி. முழுக்க நாங்கள் மாட்டிவிட்டு, இடுப்பிலிருந்து மேலே இழுக்கிற கடைசி இழுப்பை மட்டும் அவனுக்கு விட்டோம். அது வந்ததும் முழங்காலிலிருந்து. அப்புறம் கணுக்காலிலிருந்து. ஒவ்வொரு தடவையும் "முடிச்சிட்டேன்" என்கிற இடத்தில் அவன் கை இருக்கும். இதை பேக்வேர்ட் செயினிங் என்பார்கள். பல் தேய்க்க, கை கழுவ, பை மாட்ட, எல்லாவற்றுக்கும் இந்த வழி உதவியது.

சாப்பாட்டு நேரத்துச் செல்போன் கொஞ்சம் பெரிய கதை. கத்தினால் போன் கிடைக்கும் என்று பழகியிருந்தது. நிறுத்தலாம் என்று முடிவெடுத்தோம். இதுவரை பலன் கொடுத்த ஒன்று திடீரென்று கொடுக்காமல் போனால், குறைவதற்கு முன்னால் அது ஒரு தடவை பெரிதாக எழும்பும் என்று மிஸ் முன்கூட்டியே எச்சரித்தார். அப்படியே ஆனது. மூன்று நாள் சமாளித்தோம். நாலாம் நாள் அத்தையால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, கொடுத்துவிட்டார். நான் அவரைக் குறை சொல்லவில்லை, பேரன் அழுகிறான். ஆனால் அன்று தம்பி கற்றுக்கொண்டது, நாலு நாள் விடாமல் கத்தினால் கிடைக்கும் என்பதை. என் அப்பா தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரியைத் தடை செய்யும் வரை வாராவாரம் சீட்டு வாங்கினவர். எப்போதோ ஒரு தடவை ஐந்நூறு ரூபாய் விழுந்தது. தினமும் கிடைப்பதைவிட, எப்போதாவது கிடைப்பதுதான் ஆளை விடாமல் பிடித்துக்கொள்ளும். அடுத்த தடவை அத்தையை உட்கார வைத்து இந்த லாட்டரிக் கதையைச் சொன்னேன். அப்போதிலிருந்து அவர்தான் வீட்டில் ரொம்பக் கறார். ஒன்று மட்டும் கவனம்: கண்டுகொள்ளாமல் விடுகிற இந்த வழியைத் தலை இடிப்பது, கடிப்பது மாதிரி அடிபடுகிற விஷயங்களில் வீட்டில் தானாகச் செய்து பார்க்காதீர்கள். அங்கே பாதுகாப்புதான் முதல் வேலை.

"எலிக்குக் கண்டுபிடிச்சதை நம்ம பிள்ளைக்குச் செய்றாங்களா?" என்று என் கணவர் ஒருநாள் கேட்டார். நியாயமான கேள்வி. ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1930-களில் பெட்டிக்குள் எலியை வைத்து, பிறகு புறாவை வைத்துக் கண்டதிலிருந்து வந்ததுதான் இது. பிள்ளைகளிடம் வந்த கதையைத் தேடிப் படித்தேன். 1964-இல் மாண்ட்ரோஸ் வுல்ஃப், டாட் ரிஸ்லி, ஹேடன் மீஸ் மூவரும் எழுதிய ஓர் அறிக்கை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில் மூன்றரை வயதுச் சிறுவன். ஆட்டிசம். கண்புரைக்காகக் கண்ணின் லென்ஸை எடுத்திருந்தார்கள். கண்ணாடி போடாவிட்டால் பார்வை போய்விடும் என்று கண் மருத்துவர் சொல்லிவிட்டார். அவனோ முகத்தில் எதையும் வைக்க விடமாட்டான். வெறும் பிரேம்களை அறையில் பரப்பி வைத்தார்கள். தொட்டால், எடுத்தால், கையில் வைத்திருந்தால், முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தால் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு வாய் சாப்பாடு. இதற்குப் பேர் ஷேப்பிங். கடைசியில் நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம்போலக் கண்ணாடியோடு இருந்தான். கொஞ்சம் பசியில் வைத்துத்தான் அந்தச் சாப்பாட்டைக் கொடுத்தார்கள் என்று படித்தபோது எனக்கு வயிறு பிசைந்தது. அந்தப் பையனின் பார்வை காப்பாற்றப்பட்டது என்பதும் உண்மை. இரண்டையும் ஒன்றாகத்தான் மனதில் வைத்திருக்கிறேன்.

அப்புறம் லோவாஸ். லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உளவியலாளராக இருந்தவர். 1987-இல் அவர் வெளியிட்ட ஆய்வுதான் ஏபிஏ-வை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. வாரத்துக்கு 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 பிள்ளைகளில் 9 பேர் சாதாரண முதல் வகுப்பை முடித்தார்கள், அவர்களின் ஐக்யூவும் மற்றப் பிள்ளைகள் அளவுக்கு வந்தது என்றார். நாங்கள் முதலில் போன மையத்தில் இந்த 40 மணி நேரத்தை வேதவாக்கு மாதிரி சொன்னார்கள். மாதக் கட்டணத்தைக் கேட்டுவிட்டு நகையை அடகு வைக்கலாமா என்று யோசித்தோம். அவர்கள் சொல்லாததையும் நான் பிறகு படித்தேன். எந்தப் பிள்ளை எந்தக் குழுவில் என்பது அந்த ஆய்வில் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை, அதனால் பலன் முழுக்கப் பயிற்சியால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. உரக்க "நோ" என்று அதட்டுவதும், சில நேரம் தொடையில் அறைவதும் அந்தப் பயிற்சியில் இருந்தன. கடன் வாங்கித்தான் 40 மணி நேரம் கொடுக்க முடியும் என்ற நிலையில் இருக்கும் பெற்றோருக்குச் சொல்கிறேன்: கடன் வாங்காதீர்கள். எங்களுக்கு வாரம் மூன்று மணி நேரம் மிஸ், மீதி நேரம் நோட்டும் நாங்களும்.

இதைவிடக் கொடுமையும் நடந்திருக்கிறது. மாசசூசெட்ஸில் ஒரு விடுதியில், நடத்தையை மாற்ற என்று சொல்லி, உடம்பில் மாட்டிய கருவியால் மின்சார அதிர்ச்சி கொடுத்துவந்தார்கள். அமெரிக்க மருந்துத் துறை 2020-இல் தடை செய்தது. அடுத்த வருடமே நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. நடத்தைப் பகுப்பாய்வாளர்களின் சர்வதேசச் சங்கம் 2022-இல்தான் இதை எதிர்த்துத் தெளிவாக நிலைப்பாடு எடுத்தது. ஏபிஏ என்ற பேரைக் கேட்டதும் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் கோபப்படுவதற்குக் காரணம் உண்டு. கண்ணைப் பார்க்கவும், கையை அடக்கவும், மற்றவர்களைப் போல் நடிக்கவும் சிறு வயதில் பழக்கப்பட்டது எவ்வளவு களைப்பையும் பதற்றத்தையும் கொடுத்தது என்று அவர்களே எழுதுகிறார்கள். அவற்றைப் படித்தபோது எனக்கு அந்தக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நான் பேசாமல் நின்ற நாலு மாதம்தான் ஞாபகம் வந்தது. தம்பி பேசினால் இதைத்தான் சொல்வானோ?

அந்தத் துறையே தனக்கென்று எழுதிவைத்த அளவுகோல் ஒன்று உண்டு. 1968-இல் தங்கள் ஆய்விதழைத் தொடங்கிய வருடம், பேயர், வுல்ஃப், ரிஸ்லி மூவரும் ஏபிஏ எப்படி இருக்க வேண்டும் என்று ஏழு அம்சங்களை எழுதினார்கள். அதில் முதலாவது, பேரில் இருக்கிற அந்த "அப்ளைடு". எடுத்துக்கொள்ளும் நடத்தை அந்த மனிதரின் வாழ்க்கைக்கு முக்கியமானதாக இருக்க வேண்டும் என்று அர்த்தம். தண்ணீர் கேட்பது தம்பியின் வாழ்க்கைக்கு முக்கியம். கை படபடப்பதை நிறுத்துவது யார் வாழ்க்கைக்கு முக்கியம்? கல்யாண வீட்டில் எங்களுக்குச் சங்கடமாக இருக்கும், அவ்வளவுதான். அதனால் இப்போது எந்த மையத்துக்குப் போகலாம் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான். எதை நிறுத்தப் போகிறீர்கள் என்று கேட்காதீர்கள், எதைக் கேட்கக் கற்றுக்கொடுக்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். பிள்ளை வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். மூன்றாவதற்கு முடியாது என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். வாசலில் ஏபிஏ என்று போர்டு இருப்பதால் மட்டும் உள்ளே இருப்பவர் படித்தவர் என்று ஆகாது.

அந்த அளவுகோலின் கடைசி அம்சம் எங்களுக்கு ரொம்ப நாள் கைக்கு வரவில்லை. ஜெனராலிட்டி என்கிறார்கள். ஓர் இடத்தில், ஓர் ஆளிடம் கற்றது எல்லா இடத்திலும் எல்லோரிடமும் வர வேண்டும். தம்பி வீட்டில் என்னிடம் மட்டும்தான் டம்ளரை வைப்பான். அவன் அப்பாவிடம் வைக்க இரண்டு வாரம். அத்தையிடம் வைக்க இன்னும் ஒரு வாரம். அதே டம்ளராக இருக்க வேண்டும், ஓரம் நசுங்கின அந்த டம்ளர். மிஸ் வேண்டுமென்றே டம்ளரை மாற்றினார், பிளாஸ்டிக், பித்தளை, பேப்பர் கப். பள்ளிக்குப் படம் போட்ட அட்டை. ஆறு வயதில் "ண்ணி" என்று ஒரு சத்தமும் கூடவே வந்தது. ஆனால் வெளியாட்களிடம் ஒருநாளும் கேட்டதில்லை. தாகம் எடுத்தால் தெருவில் நின்று என்னைத் தேடுவான்.

இந்தச் சித்திரையில், திருவிழாவுக்கு ரெண்டு நாள் முன்னால், எங்கள் தெரு முனையில் நீர்மோர்ப் பந்தல் போட்டார்கள். கூட்டம் சேரும் முன் காலை ஒன்பது மணிக்கு அந்த வழியாக வந்தோம். நான் காய்கறி வாங்கக் கையை விட்டேன். திரும்பிப் பார்த்தால் தம்பி பந்தலுக்குள் இருக்கிறான். அடுக்கி வைத்த டம்ளரில் ஒன்றை எடுத்தான். பானைக்குப் பின்னால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முன்பின் தெரியாத ஒரு தாத்தா உட்கார்ந்திருந்தார். தம்பி அவர் கையை இழுத்து, விரலை விரித்து, டம்ளரை வைத்தான். "ண்ணி."

"மோரா, தண்ணியா சாமி?" என்றார் அவர். பதிலுக்குக் காத்திருக்காமல் அகப்பையைத் தூக்கி உயரத்திலிருந்து ஊற்றினார். தண்ணீர் கயிறு மாதிரி நீண்டு விழுந்தது. தம்பியின் இரண்டு கையும் தோள் பக்கத்தில் படபடவென்று அடித்துக்கொண்டன. தாத்தா அதைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் உயரத்திலிருந்து இன்னொரு தடவை ஊற்றினார்.